அபாயக் கழிவைக் கையாளப் பயிற்சி: யாருக்கு? எதற்கு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "தொழிற்சாலைக் கழிவைப் பற்றி யார் உட்கார்ந்து கேட்பார்கள்? சேனலை மாற்றி விடுவார்களே!" என்றார். நான் அவருக்குப் பாசிர் கூடாங்கை ஞாபகப்படுத்தினேன். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. அவருடைய தங்கை மகள் அந்த ஆண்டு அங்கேதான் படித்துக் கொண்டிருந்தாள்.

2019 மார்ச் 7ஆம் நாள், ஜொகூர் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அருகிலிருந்த பள்ளிகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மூச்சு விடச் சிரமப்பட்டார்கள். சில நாள்களில் இரண்டாவது அலையாக மேலும் பலர் பாதிக்கப்பட்டனர். பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குச் சென்றார்கள். கொட்டியது இரவோடு இரவாக முடிந்து போகிற வேலை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை நாடே பார்த்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஓர் உலோக முலாம் பூசும் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. ஒரு நாள் இடப் பற்றாக்குறை. "அரை அரையாக இருக்கிற டிரம்களை ஒன்றாக ஊற்று" என்று உத்தரவு வந்தது. ஒன்றில் உலோகத்தைக் கழுவிய பழைய அமிலம். இன்னொன்றில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வெளுப்புக் கரைசலின் மிச்சம். இரண்டிலும் லேபிள் இல்லை. என்னோடு இருந்த அண்ணன் ஒருவர்தான் ஊற்றினார். மஞ்சள் கலந்த பச்சையாகப் புகை கிளம்பியது. அது குளோரின் வாயு என்று பிறகுதான் தெரிந்தது. அவர் பிழைத்துக் கொண்டார். ஆனால், அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று விடுவார்.

அந்தத் தொழிற்சாலையில் சயனைடு கரைசலும் பயன்பாட்டில் இருந்தது. அதன் கழிவில் அமிலம் பட்டால் வருவது ஹைட்ரஜன் சயனைடு. அன்று அந்த டிரம்மில் அது இருந்திருந்தால், இந்தக் கருத்தரங்கில் என் நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

எங்கள் இருவருக்கும் ரசாயனம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ரசாயனப் பட்டம் தேவையில்லை. எதை எதனோடு சேர்க்கக் கூடாது என்று அரை நாள் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் அபாயக் கழிவுகளுக்கென்று 1989இல் விதிமுறைகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2005 ஆகஸ்டு 15 முதல் புதிய விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகளில் மலாய் மொழியில் 'புவாங்ஙான் தெர்ஜாடுவல்' என்று சொல்கிறார்களே, அதுதான். தமிழில் பட்டியலிடப்பட்ட கழிவு என்கிறோம். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின் முதல் அட்டவணையில் 77 வகைக் கழிவுகள் ஐந்து பிரிவுகளாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பழைய கார் பேட்டரி எஸ்டபிள்யூ 102. பழுதான மின்னணுப் பொருள் 110. கழித்துப் போட்ட எஞ்சின் எண்ணெய் 305. மருத்துவக் கழிவு 404. ரசாயனம் ஒட்டியிருக்கும் காலி டிரம் 409. எண்ணெய் துடைத்த துணி 410.

இந்தப் பட்டியலை நான் வேண்டுமென்றே நிதானமாகச் சொல்கிறேன். அபாயக் கழிவு என்றதும் பெரிய பெரிய புகைபோக்கிகள்தான் நம் கண்முன் வரும். ஆனால் கார் பட்டறை வைத்திருக்கும் நம்மவரும் இந்த விதிமுறைகளின்படி கழிவை உருவாக்குபவர்தான். பின்புறம் இரண்டு டிரம் பழைய எண்ணெய், மூலையில் நாலு பேட்டரி, எண்ணெய்த் துணி ஒரு மூட்டை. அவருக்கும் கடமை உண்டு.

கடமை என்றால் என்ன? கழிவு உருவான 30 நாள்களுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். டிரம்மில் லேபிள் ஒட்ட வேண்டும். அதில் கழிவு உருவான தேதியும், உருவாக்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். கணக்குப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இப்போது இவை இ-ஸ்விஸ் என்ற இணைய முறையில் நடக்கின்றன.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கழிவை 180 நாள்கள் வரை அல்லது 20 டன் வரை வைத்திருக்கலாம்; எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை. சிறிய பட்டறைக்காரர் "எனக்கு எப்போது இருபது டன் சேரும்?" என்று நிம்மதியாக இருந்து விடுகிறார். டன் சேராது. நாள் சேர்ந்து விடும். ஆறு மாதம் என்பது சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் இடையிலுள்ள காலத்தைவிடக் குறைவு. அதனால்தான் டிரம் மேலுள்ள அந்தத் தேதி அவ்வளவு முக்கியம். சோதனைக்கு வரும் அதிகாரி முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது, கழிவை வெளியே அனுப்புவது. அனுமதி பெற்ற வாகனம், அனுமதி பெற்ற மையம். இவ்விரண்டைத் தவிர வேறு வழி இல்லை. நெகிரி செம்பிலான், புக்கிட் நானாஸில் 1998இல் செயல்படத் தொடங்கிய மையம் இவற்றுள் பெரியது. எரியுலை, ரசாயனச் சுத்திகரிப்பு, கசியாத அடித்தளமுள்ள புதைநிலம் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் உள்ளன. கழிவோடு ஓர் அனுப்புச் சீட்டும் பயணம் செய்யும். அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், பெற்றுக் கொண்டவர் மூவரும் அதில் பதிய வேண்டும். 30 நாள்களுக்குள் பெற்றுக் கொண்ட உறுதி வரவில்லை என்றால், அனுப்பியவரே துறைக்குத் தெரிவித்து விசாரிக்கவும் வேண்டும். "லோரி ஏறிவிட்டது, என் பொறுப்பு முடிந்தது" என்று சொல்ல முடியாது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். முறையாக அனுப்பினால் செலவு அதிகம். அதனால்தான் இரவில் வந்து, பாதி விலைக்கு, ரசீது இல்லாமல் ஏற்றிக் கொண்டு போகிறவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. பழைய எண்ணெய்க்கோ அவர்களே கையில் காசும் கொடுப்பார்கள். விற்பது குற்றமில்லை, அனுமதி இல்லாதவரிடம் விற்பதுதான் குற்றம். மலிவாக ஏற்றிச் செல்பவர் அதை எங்கே கொண்டு போகிறார் என்று நாம் கேட்பதில்லை. ஆறுதான் அதற்குப் பதில் சொல்கிறது.

இனி பயிற்சிக்கு வருகிறேன். இதில் இரண்டு வகை இருக்கின்றன. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்பவர்கள் நிறைய.

முதலாவது, விதி 15 சொல்வது. கழிவை அடையாளம் காண்பது, கையாள்வது, லேபிள் ஒட்டுவது, ஏற்றிச் செல்வது, சேமிப்பது, சிந்தினால் சமாளிப்பது ஆகியவற்றில் ஈடுபடும் எல்லா ஊழியர்களுக்கும் முதலாளி பயிற்சி கொடுத்தாக வேண்டும். எல்லா ஊழியர்களும் என்றால், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பியும்தான், துடைப்பம் பிடிக்கும் அம்மாவும்தான். என் அனுபவத்தில், டிரம்மைத் தொடாத மேலாளர்தான் சொகுசு ஹோட்டலில் நடக்கும் வகுப்புக்குப் போகிறார். தொடுகிறவர் கையொப்பத் தாளில் மட்டும் 'கலந்து கொள்கிறார்'. இதை நான் பல இடங்களில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, தகுதி பெற்ற நபர். 2012இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 49ஏ பிரிவு இதைப் பற்றியது. கழிவு நிர்வாகத்துக்கான சான்றிதழை 'செப்ஸ்வாம்' என்பார்கள். பாங்கி தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் 'எய்மாஸ்' எனும் மலேசியச் சுற்றுச்சூழல் கழகம் இதை நடத்துகிறது. வகுப்பு, தேர்வு, பிறகு தன் வேலையிடத்தை வைத்துக் களப்பயிற்சி அறிக்கை. அந்த அறிக்கையில்தான் பலர் நின்று விடுகிறார்கள். வகுப்பில் வெள்ளைப் பலகையைப் பார்ப்பது எளிது. தன் ஸ்டோருக்குப் போய், எந்த டிரம்மில் என்ன இருக்கிறது, எது எதனோடு சேராது என்று ஒன்றுவிடாமல் எழுதும்போதுதான் வேலை தெரியும். விதிமுறைகளின் நான்காவது அட்டவணை முழுக்க இந்தச் 'சேராத ஜோடிகள்' பற்றியதுதான். நான் அதைப் பார்க்கும் போதெல்லாம் அந்த அண்ணனின் முகம் வரும்.

கட்டணம் பற்றிச் சிலர் கேட்டீர்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகளில் பெரும்பாலோர், 2001ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டப்படி மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு விழுக்காடு லெவி கட்டுகிறார்கள். பயிற்சிச் செலவுக்கு அதிலிருந்து விண்ணப்பிக்க வழி உண்டு. கட்டிய பணம் சும்மா கிடக்க, "பயிற்சிக்குப் பணம் இல்லை" என்று சொல்லும் முதலாளியிடம் நீங்கள் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

தண்டனையும் கூடியிருக்கிறது. முறைகேடாகக் கழிவைக் கொட்டினால் முன்பு அதிகபட்ச அபராதம் 5 லட்சம் வெள்ளி. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை ஒரு கோடி வெள்ளியாக்கியது. சிறைத் தண்டனையும் உண்டு.

நிகழ்ச்சியில் ஓர் இளைஞர் கேட்ட கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "சார், நீங்கள் சொல்வது எல்லாம் சரி. சூப்பர்வைசர் 'ஊற்று' என்றால் நான் என்ன செய்வது? எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது."

தம்பி, வேலையை விட்டு விடு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது சுலபம். உன் வீட்டு வாடகையை நான் கட்டப் போவதில்லை. ஆனால் உன் கையில் சில உரிமைகள் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பாதுகாப்பு இல்லை என்று புகார் செய்த காரணத்துக்காக ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு நீ விலகிக் கொள்ளலாம். அதற்காக உன்னைப் பழிவாங்கக் கூடாது.

சட்டப் பிரிவைச் சொல்லி மேலதிகாரியிடம் சண்டைக்குப் போனால் வேலைக்கு ஆகாது. "பாஸ், இதில் லேபிள் இல்லை, என்னவென்று தெரியவில்லை, கேட்டுச் சொல்லுங்கள்" என்று கேள். கேட்டதைத் தேதியோடு வாட்ஸ்அப்பில் எழுதி வை. எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் "ஊற்று" என்று பதில் போடத் துணிபவர்கள் குறைவு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடமாக இருந்தால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவரிடமும் சொல்.

கடைசியாக ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். மகன் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து காலி நீல டிரம் ஒன்று கொண்டு வந்திருக்கிறான். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியாயிற்று. தண்ணீர் வெட்டு வந்தால் குடிக்கப் பிடித்து வைக்கலாமா என்று. வேண்டாம் அம்மா. பிளாஸ்டிக் உறிஞ்சிய ரசாயனம் சோப்புக்குப் போகாது. அதில் முன்பு என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் மகனுக்கும் தெரியாது. அது எஸ்டபிள்யூ 409. துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும்கூட வைத்துக் கொள்ளாதீர்கள். எங்கிருந்து வந்ததோ அந்த ஸ்டோரிலேயே திருப்பி ஒப்படைக்கச் சொல்லுங்கள்.