புகை பிடிக்காதவருக்கும் நுரையீரல் புற்றுநோய் ஏன்?

“பீடி, சுருட்டு எதையும் தொடாதவர். அவருக்கா நுரையீரலில் புற்றுநோய்?”

இப்படிப் பலர் வியப்பதுண்டு. புகை பிடிப்பவர்களைத்தான் இந்த நோய் அதிகம் தாக்குகிறது. ஆனால் மற்றவர்களையும் அது விடுவதில்லை. காரணம் என்ன?

உத்தரவும் வேலையாளும்

சென்னைக்கு வடக்கே, அத்திப்பட்டில் பெரிய அனல் மின் நிலையம் இருக்கிறது. அங்கே என்ன வேலை நடக்கவேண்டும் என்று ஏட்டில் உத்தரவு இருக்கும். வேலையைச் செய்பவர்கள் தொழிலாளர்கள்.

நம் உடம்பும் அப்படித்தான். உயிரணுவுக்குள் இருக்கும் உத்தரவுகளே மரபணுக்கள். அந்த உத்தரவுப்படி உருவாகி வேலை செய்பவை புரதங்கள்.

உத்தரவில் சில பிழைகள் ஆபத்தானவை. அவற்றால் கெட்ட புரதம் உருவாகிறது. “பெருகு, பெருகு” என்று அது உயிரணுவை விரட்டுகிறது. கட்டி வளர்கிறது.

ஆனால் ஏட்டை மட்டும் படித்தால் போதாது. எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், யார் சும்மா நிற்கிறார்கள் என்பது ஏட்டில் இராது. உள்ளே போய்ப் பார்க்கவேண்டும். அதனால்தான் விஞ்ஞானிகள் மரபணுவையும் புரதத்தையும் சேர்த்து ஆராய்கிறார்கள்.

தைவான் ஆராய்ச்சி

தைவான் நாட்டு விஞ்ஞானிகள் 103 நோயாளிகளின் கட்டிகளை இப்படி ஆராய்ந்து, 2020-ல் முடிவை வெளியிட்டனர். நோயாளிகளில் பெரும்பாலோர் புகை பிடிக்காதவர்கள்! வயது முதிர்ந்த பெண்களின் மரபணுக்களில், சுற்றுப்புற நச்சுப் பொருள்கள் விட்டுச்சென்றதைப் போன்ற தடயங்கள் அதிகம் தெரிந்தன. ஆரம்ப நிலை என்று கருதிய சில கட்டிகள், புரதத்தைப் பார்த்தபோது முற்றிய கட்டிகளை ஒத்திருந்தன.

உறங்கும் பிழை

வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-ல் அறிவித்தது. எப்படி உண்டாக்குகிறது? லண்டன் விஞ்ஞானிகள் 2023-ல் ஒரு விடை சொன்னார்கள்.

வயது ஏற ஏற, சில உயிரணுக்களில் மரபணுப் பிழை தானாகவே வந்துவிடுகிறது. அது உறங்கிக் கிடக்கும். நுண்ணிய தூசு நுரையீரலுக்குள் போனதும் அழற்சி உண்டாகிறது. அப்போது சுரக்கும் ஒரு புரதம் அந்த உயிரணுவைத் தட்டி எழுப்பிவிடுகிறது! எலிகளுக்கு அந்தப் புரதத்தைத் தடுத்தபோது, கட்டி வருவது குறைந்தது.

நிலக்கரிப் புகையும் லாரிப் புகையும் இந்த நுண்தூசை உண்டாக்குபவை. அத்திப்பட்டு, எண்ணூர் மக்கள் இதற்காகப் பீதி கொள்ள வேண்டாம். ஆனால் சுத்தமான காற்றைக் கேட்பது உயிரைக் கேட்பதாகும்.

குடும்பத்தார் கவனிக்க

பிழை இன்னதென்று தெரிந்தால், அதற்கென்றே உள்ள மாத்திரையைச் சில நோயாளிகளுக்குக் கொடுக்க முடிகிறது. ஆகவே கட்டியில் மரபணுச் சோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் இருமலா? சளியில் ரத்தமா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். காசம் என்று எண்ணிப் பல மாதங்களை வீணாக்கியவர்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்றும் ஏழைகளுக்குச் சிகிச்சை அளிக்கிறது.

“நான் புகை பிடிப்பதில்லையே” என்று இருமலை அலட்சியம் செய்யாதீர்கள்!