ரூபிக்கான் தடம்

ரூபிக்கான் தடம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியெரா நெவாடா மலைத்தொடரில், தாகோ ஏரிக்கு மேற்கே அமைந்துள்ள ஒரு காட்டுவழி ஆகும். சாலையும் கரடுமுரடான தடமுமாக இதன் மொத்த நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இதில் லூன் ஏரியின் அருகே தொடங்கும் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் பகுதியே நான்கு சக்கர இயக்க ஊர்திகளின் ஓட்டத்திற்குப் பெயர்பெற்றது. சாதாரணத் தானுந்துகள் செல்ல இயலாத இப்பாறைவழி, சட்டத்தின் பார்வையில் ஒரு பொதுச்சாலை ஆகும்.

வரலாறு

தாகோ ஏரிப் பகுதியில் வாழ்ந்த வாஷோ மக்களும் மேற்குச் சரிவில் வாழ்ந்த பழங்குடியினரும் மலையைக் கடந்து பண்டமாற்றுச் செய்யப் பயன்படுத்திய நடைபாதைகளிலிருந்து இத்தடம் உருவானது. 1860களின் இறுதியில் ஹன்சக்கர் சகோதரர்கள் ரூபிக்கான் ஊற்றருகே குடியேறி, அங்கு கிடைத்த கனிமநீரைப் புட்டிகளில் அடைத்து விற்றனர். 1880களில் அவ்விடம் கைமாறி, விருந்தினர் குதிரைவண்டியில் வந்து தங்கும் விடுதி ஒன்று எழுந்தது. பின்னாளில் அவ்விடுதி கைவிடப்பட்டது. வழி மட்டும் எஞ்சியது.

1953 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஜார்ஜ்டவுன் ஊரார் மார்க் சுமித் என்பவரின் முன்முயற்சியில் முதல் ஜீப் பயணத்தை நடத்தினர். அதில் 55 ஊர்திகளில் 155 பேர் பங்குகொண்டனர். இப்பயணம் ஆண்டுதோறும் நடைபெறும் நிகழ்வாக வளர்ந்தது. 2003 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ஜீப் ராங்லர் ஊர்தியின் ஒரு வகைக்கு இத்தடத்தின் பெயரே சூட்டப்பட்டது.

சட்ட நிலை

கூட்டரசு நிலங்களின் ஊடே பொதுச்சாலை அமைக்க 1866 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் வழியுரிமை அளித்தது. எல் டொராடோ மாவட்ட நிர்வாகம் 1887 ஆம் ஆண்டு இவ்வழியைப் பொதுச்சாலையாக அறிவித்தது. அச்சட்டப்பிரிவு 1976 ஆம் ஆண்டு நீக்கப்பட்டபோதும், அதற்கு முன் ஏற்பட்ட உரிமைகள் காக்கப்பட்டன. ஆகவே தேசியக் காட்டின் வழியே சென்றாலும் இத்தடம் மாவட்டத்தின் சாலையாக நீடிக்கிறது. சாலைக்கு உரியவர் என்ற முறையில் அதன் பராமரிப்புப் பொறுப்பும் மாவட்டத்தைச் சேர்கிறது.

ஓட்டும் முறை

இங்கு வேகத்திற்கு இடமில்லை; பல இடங்களில் ஊர்தி நடை வேகத்தினும் குறைவாகவே நகரும். தாழ்நிலைப் பல்லிணையில் முதல் கியரைப் பயன்படுத்தினால், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே சக்கரங்களுக்கு மிகுந்த முறுக்குவிசை கிடைக்கிறது. டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்தால், டயர் பாறையின் வடிவத்திற்கேற்ப நெகிழ்ந்து பிடிப்பு கூடுகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, சாதாரண டிஃபரன்ஷியலில் அச்சக்கரம் வீணாகச் சுழலும், மறுசக்கரம் உந்தாது. பூட்டக்கூடிய டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலச் செய்து இக்குறையை நீக்குகிறது.

பெரிய பாறையை இரு சக்கரங்களுக்கு இடையே விடுவதைவிட, சக்கரத்தை அதன்மேல் ஏற்றுவதே பாதுகாப்பானது. இல்லையேல் அடிப்பகுதியிலுள்ள எண்ணெய்த் தொட்டி பாறையில் மோதி உடையக்கூடும். ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடங்களில், கீழே இறங்கி நின்று கைச்சைகை காட்டும் ஒருவரின் துணை தேவை.

சுற்றுச்சூழல்

ரூபிக்கான் ஆறு அமெரிக்கன் ஆற்றின் கிளையில் கலக்கிறது. அமெரிக்கன் ஆறு சேக்ரமெண்டோ நகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. எனவே மலைமேல் சிந்தும் எண்ணெய் மலையோடு நின்றுவிடுவதில்லை. கருங்கல் பாறைமேல் மண் மெல்லிய அடுக்காகவே இருப்பதால் மனிதக் கழிவு எளிதில் மக்குவதும் இல்லை. இதனால் 2004 ஆம் ஆண்டு ஸ்பைடர் ஏரியின் சுற்றுப்புறம் பயணிகளுக்கு மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டு வட்டார நீர்த்தர வாரியம், வண்டல், எண்ணெய், கழிவு ஆகியவற்றால் நேரும் மாசைக் கட்டுப்படுத்துமாறு மாவட்டத்திற்கும் கூட்டரசுக் காட்டுத்துறைக்கும் ஆணையிட்டது. அதன்பின் ஓடைகளைக் கடக்கும் சில இடங்களில் பாலங்கள் அமைக்கப்பட்டன. தன்னார்வக் குழுக்கள் தடத்தைச் செப்பனிடுவதிலும் குப்பை அகற்றுவதிலும் பங்கேற்கின்றன. பயணிகள் எண்ணெய் உறிஞ்சும் பொருள்களையும் கையடக்கக் கழிப்பறையையும் உடன் கொண்டுசெல்லுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். இத்தடத்தில் செல்லும் உரிமையை 1887 ஆம் ஆண்டின் அறிவிப்பு அளித்தது. அது நீடிப்பது கீழே செல்லும் நீரின் தூய்மையையும் பொறுத்துள்ளது.