பேஸ் வரும், ஆள் வரமாட்டார்

குவைத்தில் இந்தியர்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் பெருங்கூட்டம் ஒன்று விமான நிலையத்தை அடுத்த ஜலீப் அல் ஷுயூக்கில் இருக்கிறது. அதன் ஒரு பகுதிதான் அப்பாசியா. மலையாளக் குரல்தான் அங்கே தூக்கல். தமிழும் தெலுங்கும் அதனூடே கேட்கும். நர்ஸ், டிரைவர், ஏசி மெக்கானிக், கணக்காளர் என்று வாரம் முழுக்க டூட்டி பார்ப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் திருவிழா. இந்தியப் பள்ளிகளின் அரங்குகளில் ஓணம், பொங்கல், ஊர்ச் சங்க ஆண்டு விழா என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். விழா என்றால் பாட்டுக் கச்சேரி கட்டாயம்.

கச்சேரிக்குச் சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ பாடகர் வருவார். கூடவே எத்தனை பேர் வரலாம் என்பதைப் பட்ஜெட் முடிவு செய்யும். விசா, டிக்கெட், ஹோட்டல் அறை என்று தலைக்கு இவ்வளவு. கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது பட்டியலிலிருந்து முதலில் விழுகிற பெயர் பேஸ் கிட்டார்காரருடையதுதான். "அதான் மைனஸ் டிராக்லயே பேஸ் வருதே அண்ணே, அதுக்குத் தனியா ஒரு ஆளா?" என்பது வளைகுடாவின் எந்த ஊர் விழாக் கமிட்டியிலும் எழக்கூடிய கேள்வி. தப்பான கேள்வி என்றும் சொல்லிவிட முடியாது. பாடகர் குரல் மட்டும் இல்லாத அந்த டிராக்கில், பென் டிரைவிலேயே பேஸ் இருக்கிறது. மேடையில் டிரம்ஸ்காரர் இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியும், பாடகர் இல்லாவிட்டால் கச்சேரியே இல்லை. பேஸ்காரர் இல்லாதது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது.

இப்படி இல்லாமலே சமாளிக்கப்படுகிற ஒருவர், "இது என் இசை" என்று தன் பெயரில் ஒரு ஆல்பம் போட்டால் அதில் என்ன இருக்கும்?

பேஸ் கிட்டாரின் வேலை முதலில் புரிய வேண்டும். நான்கு கம்பி. திறந்த நிலையில் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். மனிதக் காது கேட்கக்கூடிய அடிமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலி அது. டிரம்ஸ் தாளத்தையும் பாட்டின் ஸ்வரத்தையும் கட்டிப்போடும் முடிச்சு அங்கேதான் விழுகிறது. பாடகர் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது கீழே பேஸ் ஒரு படி இறங்கினால் போதும், பாட்டின் முகமே வாடும். வாட வைத்தது யாரென்று கேட்பவருக்குத் தெரியாது.

இளையராஜா இந்த ரகசியத்தை நன்றாக அறிந்தவர். 'பகல் நிலவு' படத்தின் 'பூமாலையே' பாட்டை ஹெட்போனில் போட்டு, இரு குரல்களையும் வேண்டுமென்றே காதில் வாங்காமல் அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஓடி, நின்று, எதிர்க்கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் அந்தப் பேஸ் வரியைத் தனியே எடுத்து வாசித்தால் அதுவே ஒரு முழு மெட்டு. 1985ல் இதைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த வரி போய்ச் சேர்ந்தது என்று யோசித்தால் வளைகுடா குறுக்கே வருகிறது. வால்வு ரேடியோவும் கையடக்க டிரான்சிஸ்டரும் இருந்த ஊர்களுக்கு, துபாய்க்கும் குவைத்துக்கும் போய்வந்த சபராளிகள்தானே நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? இரண்டு பெரிய ஸ்பீக்கர், பேஸைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. திண்ணையில் வைத்து அந்தத் திருகை முழுக்கத் திருப்பியபோதுதான் பல ஊர்களில் இளையராஜாவின் அடிக்குரல் முதன்முதலாகக் கேட்டது. தமிழ்நாட்டின் காதுக்குப் பேஸை அறிமுகப்படுத்தியதில் ஏர் கார்கோவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

கேட்டது சரி, வாசித்தவர் யார்? ராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். இசைக்காரர்கள் இந்தப் பெயர்களை மரியாதையோடு சொல்வார்கள். ரசிகர்களில் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். காலையில் ஒரு கால்ஷீட், மதியம் ஒரு கால்ஷீட், நோட்டேஷன் வரும், வாசிப்பார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். எந்தப் படம், எந்தப் பாட்டு என்பதே சில நேரம் பிறகுதான் தெரியும். வாசித்தவர்களின் பெயர்களைக் கேசட் உறையில் அச்சிடும் வழக்கத்தை ரஹ்மான் தொடங்கி வைத்தது தமிழில் சின்ன மாற்றமல்ல.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் வாசித்தார். வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். ஸ்டூடியோ இசைக்கலைஞர்களின் பெயரை உறையில் போட்ட முதல் மோட்டவுன் ஆல்பம் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. அது வந்தது 1971ல். 1983ல் மோட்டவுனின் வெள்ளி விழா நடந்தபோது, ஜேமர்சன் டிக்கெட் வாங்கி மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே ஆண்டு இறந்தும் போனார். தன் பெயரில் ஒரு தனி ஆல்பம் அவர் வெளியிடவேயில்லை.

வெளியே வர தமிழ் சினிமா வைத்திருக்கும் கதவுகள் இரண்டு. ஒன்று, பாடகராவது. புல்லாங்குழல் நெப்போலியன், அருண்மொழி என்ற பெயரில் பாடினார். பேஸ் கிட்டார்காரரான ஆலாப் ராஜு, 2011ல் ஹாரிஸ் ஜெயராஜ் இசையமைத்த 'கோ' படத்தில் 'என்னமோ ஏதோ' பாடி, அதற்காக ஃபிலிம்ஃபேர் விருதும் பெற்றார். இன்னொன்று, இசையமைப்பாளராவது. அடுத்தவர்களுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த திலீப், 1992ல் 'ரோஜா'வுடன் ஏ.ஆர்.ரஹ்மானாக வந்ததை ஊரே அறியும். இரண்டு கதவிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வாத்தியத்தை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆலாப் ராஜுவின் பாட்டுக்குத் தலையாட்டிய கல்லூரிக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் பேஸ் வாசிப்பவர் என்பது இன்றும் செய்தியாக இருக்கலாம்.

மோகினி டே வாத்தியத்தோடேயே உள்ளே போனவர். 1996ல் மும்பையில் பிறந்தார். அப்பா சுஜோய் டே, அவரும் பேஸ் கிட்டார்காரர். அம்மா பாடகி. குழந்தைக்கு மூன்று வயதிலேயே அப்பா கையில் பேஸைக் கொடுத்துவிட்டார். பள்ளிச் சிறுமியாக இருக்கும்போதே டிரம்ஸ் கலைஞர் ரஞ்சித் பாரோட்டின் அறிமுகம் கிடைத்து, பெரியவர்களோடு மேடையேறினார். தமிழ் ரசிகர்கள் பலர் அவரை முதலில் பார்த்தது 2013ல், எம்.டி.வி. கோக் ஸ்டூடியோவில் ரஹ்மானின் 'ஆவோ பல்மா'வில். நடுவே உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கான், சுற்றிலும் அவருடைய பிள்ளைகள், ஒரு பக்கம் கர்நாடக கிட்டார் பிரசன்னா, இன்னொரு பக்கம் சிவமணி. அத்தனை ஜாம்பவான்களுக்கு நடுவே பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தன் உயரத்தில் முக்கால்வாசி இருக்கும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு, பயம் என்றால் என்ன என்று கேட்பதுபோல் வாசித்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் எனக்குப் பிடித்தது கொன்னக்கோல். வாயால் ஜதி சொல்லிக்கொண்டே, அதே ஜதியை எழுத்துக்கு எழுத்து நான்கு கம்பியில் வாசிப்பார். கட்டை விரலால் கம்பியை அறைவது தொப்பி, ஆட்காட்டி விரலால் கொக்கி போட்டு இழுப்பது சாப்பு என்று வைத்துக்கொண்டால், மிருதங்கம் வாசிக்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் கை உடனே பிடிபட்டுவிடும். பேஸ் தாள வாத்தியமா, ஸ்வர வாத்தியமா என்று மேல்நாட்டில் நீளமாகப் பேசுவார்கள். மேடையில் மோகினி ஒரு தனி ஆவர்த்தனம் வாசித்து முடித்ததும் அந்தப் பேச்சுக்கு வேலையில்லாமல் போய்விடுகிறது.

ரஹ்மான், ஜாகிர் உசேன், ஸ்டீவ் வாய் என்று பலருக்கும் வாசித்த பிறகு, 2023ல் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். தலைப்பு வைக்க மெனக்கெடவில்லை. தன் பெயரையே வைத்துவிட்டார். அத்தனை வருடம் சிறு எழுத்தில் இருந்த பெயர் முகப்புக்கு வருகிறது என்றால் அதைவிடப் பொருத்தமான தலைப்பு வேறென்ன? என் மனக்குறை ஒன்று உண்டு. ஆல்பத்தில் வேகம் அதிகம். சில இடங்களில் எல்லோரும் சேர்ந்து ஓடும்போது, யாராவது ஒருவர் நின்று மூச்சு வாங்கமாட்டார்களா என்று தோன்றும். அவர் மெல்ல வாசிக்கும் இடங்களில்தான் மனம் தங்குகிறது. ஆனால் இதைப் பற்றிப் பேச நம் பக்கம் ஆளே இல்லை. 2024 நவம்பரில் தமிழ் யூடியூப் சேனல்கள் மோகினி டே என்ற பெயரை இரவு பகலாக உச்சரித்தன. காரணம் இசை இல்லை, அவருடைய சொந்த வாழ்க்கை. ஆல்பம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதை ஒருவர் கேட்டிருந்ததாகவும் தெரியவில்லை.

மோகினிக்கு நேர்எதிர்த் திசையில் போனவர் பேஸ்காரர் பீனோ பல்லடினோ. 1957ல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் பிறந்தவர். 1980களிலிருந்து பிரிட்டிஷ், அமெரிக்கப் பாட்டுகளில் அவர் பேஸ் இல்லாத வகையே இல்லை. 2002ல் தன் பேஸ்காரர் ஜான் என்ட்விசில் திடீரென இறந்தபோது, 'தி ஹூ' ராக் குழு கைகாட்டி அழைத்தது இவரைத்தான். இப்படி நாற்பது ஆண்டுகள் ஓடிய பிறகு, 2021ல், 63வது வயதில்தான் முகப்பில் தன் பெயருள்ள முதல் ஆல்பத்தை வெளியிட்டார். 'நோட்ஸ் வித் அட்டாச்மென்ட்ஸ்'. அதிலும் தனியாக வரவில்லை, பிளேக் மில்ஸ் என்ற இளைய கலைஞரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் அந்த ஆல்பத்தில், இதோ பார் என் விரல் வேகம் என்று காட்டும் இடம் ஒன்றுகூட இல்லை. பேஸ் பழையபடி அடியிலேயே கிடக்கிறது. மேலே சாக்சபோன் வருகிறது, போகிறது. ஆனால் வீட்டைக் கட்டியது யாரென்று இந்த முறை சந்தேகமே வராது. 1976ல் பேஸ்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் முதல் ஆல்பத்தைத் தொடங்கியபோது, துணைக்குக் காங்கா டிரம் மட்டும் வைத்துக்கொண்டு, சாக்சபோனுக்கான மெட்டைப் பேஸில் வாசித்துக் காட்டி உலகத்தை அலற வைத்தார். அந்த அலறலைத் திரும்பவும் எழுப்பத்தான் பேஸ்காரர்களில் பாதிப் பேர் இன்றும் முயல்கிறார்கள். எனக்கு ஓட்டு இருந்தால் பல்லடினோவுக்கே போடுவேன்.

சென்னையிலிருந்து வராமல் போனவர் மட்டுமல்ல, அப்பாசியாவிலேயே வேலை பார்க்கும் பேஸ்காரரும் பென் டிரைவுக்கு இடம் விட்டு ஒதுங்குகிறவர்தான். தன் பெயரில் ஆல்பம் போட அவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. டிரம்ஸ் வாசித்தால் பில்டிங்கே எழுந்து வரும். பாடினால் ரூம்மேட் திட்டுவார். பேஸை மட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரே செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நைட் டூட்டிக்காரர் பக்கத்துக் கட்டிலில் தூங்கும்போதே ரெக்கார்டு செய்யலாம். வெளியே கேட்பது கம்பியின் டொக்டொக் சத்தம் மட்டும்தான். பேச்சிலர் ரூமுக்கென்றே செய்ததுபோல் ஒரு வாத்தியம்.

வாசிக்க என்ன இருக்கிறது என்று அவர் தேடினால், கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்ணெய் வருவதற்கு முன் குவைத், பஹ்ரைன் கடலில் முத்துக் குளிக்கப் போன கப்பல்களில் நஹ்ஹாம் என்ற தலைமைப் பாடகர் உச்சத்தில் பாடுவார். கூட்டம் கீழே வயிற்றிலிருந்து ஒரு முனகலை எழுப்பி அவரைத் தாங்கும். ஹம்ஹமா என்று அதற்குப் பெயர். மனிதத் தொண்டையால் அதற்கு மேல் இறங்க முடியாது என்னும் அளவுக்கு ஆழமான குரல். துணைக்கு மிர்வாஸ் என்ற சிறு மத்தளமும் மண்பானையும். பஹ்ரைனின் இந்த ஃபிஜிரி இசையை 2021ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கம்பியில்லாத பேஸ் அந்த ஹம்ஹமா. கொன்னக்கோலைப் பேஸுக்குக் கொண்டுவந்தவர் உண்டு. ஹம்ஹமாவையும் நம் ஊர்த் தாளத்தையும் ஒரே கம்பியில் முடிச்சுப் போட, இரண்டையும் காதால் கேட்டு வாழ்கிற ஊரில் இருப்பவரைவிடத் தோதான ஆள் கிடையாது.

பணம் வருமா என்றால் இப்போதைக்கு வராது. சம்பளம் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டு வெளியானதும் நண்பர்கள் அதைக் கேட்கப்போவது போனில். அந்தச் சுண்டுவிரல் ஸ்பீக்கரால் 41 அதிர்வை எழுப்பவே முடியாது. அதன் மடங்குகளான 82, 123 போன்றவையும் அதில் பலவீனம்தான். இன்னும் மேலே உள்ள மடங்குகள் கேட்டால் மட்டுமே, காது தானாகக் கணக்குப் போட்டு அடி ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும். அதனால் மிக்ஸ் செய்யும்போது அடிப்பக்கத்தைக் கண்மூடித்தனமாகக் கூட்டாமல், நடுப் பகுதியைக் கொஞ்சம் தூக்கி, லேசாக டிஸ்டார்ஷன் சேர்க்க வேண்டும். விரலுக்குப் பதில் பிக்கால் மீட்டினாலும் உதவும். அப்படியும் "பாட்டு நல்லாருக்கு, எப்போ பாட ஆரம்பிப்பாங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். அதற்குப் பதிலை முன்கூட்டியே டைப் செய்து வைத்துக்கொள்வது நல்லது.