கத்தரி வைப்பதற்கு முன்னே

நவராத்திரியும் தீபாவளியும் நெருங்கிவிட்டால் துபாயில் தையற்காரரைக் கையில் பிடிக்க முடியாது என்பது அங்கத்தினர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். மீனா பஜாரிலும் கராமாவிலும் சத்வாவிலும் சிறு கடைகளில் துணிப் பொட்டலங்கள் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும். ஆர்டர் எடுப்பது கடையில் என்றாலும், வேலை நடப்பது சில சமயம் வேறிடத்தில். ஷேக் சாயித் சாலைக்கும் அல் கைல் சாலைக்கும் இடையே கிடக்கும் அல் கூஸ் தொழிற்பேட்டையில், கிடங்குகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நடுவே தையற்கூடங்களும் உண்டு. துணி கொடுத்தவர் அங்கே போவதில்லை. தைப்பவர் துணிக்குரியவரைப் பார்ப்பதுமில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு சிறு ரசீதுதான் தூது.

ஒரு நாட்டிய நிகழ்ச்சியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எட்டுக் குழந்தைகளுக்கு ஒரே மாதிரி மயில் கழுத்து நிறத்தில் உடை. முதலில் ஐந்து பேருக்குத் துணி வாங்கியாயிற்று. பிறகு மூன்று குழந்தைகள் சேர்ந்துகொள்ள, மறுவாரம் அதே கடையில் மீண்டும் வாங்கினார்கள். "அதே துணிதான்" என்றார் கடைக்காரர். கடை விளக்கில் அப்படித்தான் தெரிந்தது. மேடையில் ஏறியபோதோ ஐந்து உடைகள் நீலமாகவும் மூன்று பச்சையாகவும் நின்றன. தாய்மார்கள் தையற்கடையில் சண்டையிட்டார்கள். கடை முதலாளி நஷ்டத்தைக் கட்டிங் மாஸ்டரின் கணக்கில் எழுதினார். அந்த மனிதர் செய்த தவறுதான் என்ன? கொடுத்த துணியை அளவு பிசகாமல் வெட்டினார், அவ்வளவே.

இதுபோன்ற நஷ்டங்களில் பெரும்பாலானவை கத்தரி துணியைத் தொடுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன. வெட்டிய பிறகு அவை கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

ஒரே நிறம், இரண்டு லாட்

சாயப்பட்டறையில் துணியைப் பகுதி பகுதியாகத்தான் சாயமேற்றுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் லாட் என்று பெயர். தண்ணீர், சூடு, சாயம் ஊறும் நேரம் ஆகியவற்றில் சிறிது மாறினாலும் அடுத்த லாட் சற்று வேறுபடும். ஆகவே மொத்தத் தேவையையும் கணக்கிட்டு, ஒரே நாளில், ஒரே தானிலிருந்து வாங்குவதே உத்தமம். ஒரு தான் போதாவிட்டால் லாட் எண் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வெளிச்சம். வெவ்வேறு சாயக் கலவையில் தோய்ந்த இரு துணிகள் குழல் விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, வெயிலில் வேறாகத் தெரியும். விளக்குக்கு விளக்கு ஒளியில் அடங்கிய நிறங்களின் விகிதம் மாறுவதே இதற்குக் காரணம். துணியையும் புடவையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பதை எந்த நல்ல வியாபாரியும் தவறாக நினைக்க மாட்டார்.

மூன்றாவது, பார்க்கும் கண்ணே. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளாகிறது. கரு நீலத்துக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் பலருக்கு அப்போது எளிதில் பிடிபடாது. சில ஆண்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியும் திறன் பிறவியிலேயே குறைவு. ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட வண்ணப் புள்ளி அட்டைகளைக் கொண்டு அதை இன்றும் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். நாற்பதைத் தாண்டிய தையற்காரருக்கு வெள்ளெழுத்து வருவதும் இயற்கை. வேலை கெட்டுவிட்டது என்று திட்டுவதற்கு முன் அவருக்கு ஒரு கண்ணாடி தேவைப்படுகிறதா என்று முதலாளிகள் கவனிப்பது நல்லது.

கஜமும் மீட்டரும்

துணிக் கடைகளில் கஜமும் மீட்டரும் கலந்து புழங்குவது இன்னொரு தொல்லை. ஒரு கஜம் 91.44 சென்டிமீட்டர்தான். தையற்காரர் 10 மீட்டர் கேட்டு, வாடிக்கையாளர் 10 கஜம் வாங்கிக் கொடுத்தால் சுமார் 86 சென்டிமீட்டர் குறைந்துபோகும். ஒரு ரவிக்கைக்கு ஆகும் துணி அது! துணியின் அகலமும் முக்கியம். 44 அங்குல அகலத்துக்குப் போட்ட கணக்கு 36 அங்குலத்துக்குப் பொருந்தாது. வெல்வெட் போன்ற மயிர்த் துணிகளை ஒரே திசையில் வைத்து வெட்ட வேண்டியிருப்பதால் அவற்றுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

பருத்தித் துணி சுருங்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால் 36 அங்குல மார்பளவு கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் குறைந்துவிடும். அமெரிக்கரான சான்ஃபோர்டு குளுவெட் 1930-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி ஆலையிலேயே சுருக்கப்பட்ட துணிதான் நம் ஊர்க் கடைகளில் 'சான்ஃபரைஸ்டு' என்று விற்கப்பட்டது. அப்படிப்பட்ட உத்தரவாதம் இல்லாத பருத்தியை, குறிப்பாகக் கைத்தறியை, நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பின்பே தைக்கக் கொடுக்க வேண்டும். லைனிங் துணிக்கும் இதே விதிதான். மேல் துணி சுருங்காமல் உள் துணி மட்டும் சுருங்கினால் ரவிக்கை முழுவதும் சுருக்கம் விழும்.

சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

சாயம் போவதைப் பற்றிச் சென்னையின் பெயரையே தாங்கிய ஒரு கதை உண்டு. 1958-ல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேகப்சன், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து பத்தாயிரம் கஜம் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கினார். சாயம் போகும், குளிர்ந்த நீரில் பக்குவமாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். துணி புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய உடை நிறுவனத்துக்குப் போயிற்று. எச்சரிக்கை மட்டும் கூடப் போகவில்லை. உடைகள் சாயம் விட்டன, வாங்கியவர்கள் கொதித்தார்கள், வழக்கு வரும் போலிருந்தது. கடைசியில் ஒரு பத்திரிகையின் உதவியால், துவைக்கத் துவைக்க நிறம் கலந்து புது அழகு பெறும் துணி என்று அதையே பெருமையாக விளம்பரப்படுத்தித் தப்பித்தார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். ஒட்டினால் வெளிர் நிறத் துணியோடு அதைச் சேர்த்துத் தைக்கக் கூடாது. உப்பு, வினிகர் வைத்தியத்தை நம்பிப் பயனில்லை. இந்தக் கதையின் சாரம், வாயால் சொன்னது பாதி வழியில் நின்றுவிடும் என்பதே. அல் கூஸில் வெட்டுபவரின் கைக்குப் போய்ச் சேருவது ரசீதில் எழுதியது மட்டும்தான். துணியின் சிறு துண்டு ஒன்றை ரசீதில் பின் செய்வதும், கழுத்து, கை, கரை எந்தப் பக்கம் என்பதைப் படமாக வரைந்து கொடுப்பதும், பொருத்தமான அளவு ரவிக்கை ஒன்றைக் கூட வைப்பதும் பாதி வழக்கைத் தீர்க்கும்.

காஞ்சிப் பட்டின் ரவிக்கைத் துண்டு விஷயத்தில் இரட்டை ஜாக்கிரதை தேவை. புடவையோடு சேர்த்து நெய்த துண்டு அது ஒன்றே. அது பாழானால் துபாய் முழுவதும் அலைந்தாலும் இணை கிடைக்காது. விலையுயர்ந்த துணிக்கு முன்னதாகச் சாதாரணப் பருத்தியில் ஒரு ரவிக்கை தைத்து அணிந்து பார்த்த பிறகே பட்டில் கத்தரி வைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஆகும் கூலி, பட்டுக்குச் செய்த இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக்கொள்ளலாம். பக்கத் தையலில் தாராளமாக உள்துணி விடச் சொல்வதும் அவசியம். குறைத்து வெட்டியதைப் பெரிதாக்க வேறு வழி கிடையாது.

தவறு நேர்ந்த பின்

இரண்டு லாட் துணி கைக்கு வந்துவிட்டால் ஒரே உடையில் இரண்டையும் கலக்கக் கூடாது. ஒவ்வோர் உடையும் ஒரே லாட்டில் இருக்கட்டும். மேடையில் இரு நிறத்தாரையும் ஒருவர் விட்டு ஒருவராக நிறுத்தினால் திட்டமிட்டுச் செய்தது போலவே தோன்றும். கை போதாமல் போனால் புடவைக் கரை நிறத்தில் பட்டி வைக்கலாம், கக்கத்தில் துண்டு சேர்க்கலாம். ஒத்துவராத நிறத்தை ஒத்த நிறம் போல் காட்ட முயல்வதைவிட, முற்றிலும் வேறு நிறத்தைத் துணிந்து வைப்பதே பார்வைக்கு அழகு.

அடுத்தது பணம். வெட்டிய துணியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். ஆகவே லாட், அகலம், அளவு ஆகியவற்றைச் சரிபார்ப்பது வாங்கியவர் பொறுப்பு. எழுதிக் கொடுத்த அளவுக்கு மாறாகத் தைத்திருந்தால் அது தையற்கடையின் பொறுப்பு. அமீரகத்தின் 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமின்றிச் சேவைகளுக்கும் பொருந்தும். ரசீது கையில் இருந்தால் முறையிட வழியுண்டு. அதே சமயம், தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம் செய்வதற்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. 2021-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, காரணங்கள் எத்தனை சேர்ந்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

அந்தப் பாதியே ஊரில் ஒரு குழந்தையின் பள்ளிக் கட்டணமாக இருக்கலாம். கடையில் குரலை உயர்த்துமுன், தவறு எந்த இடத்தில் தொடங்கியது என்று நிதானமாக யோசித்துப் பார்ப்பது நியாயம். நம் பக்கம் தவறு இருந்தால் அதை ஒப்புக்கொண்டு கூலியைக் கொடுத்துவிட வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும் நனைக்கவும் எழுதிக் கொடுக்கவும் செலவழிக்கும் சிறிது நேரம், வீட்டுக்குச் சிக்கனம். அல் கூஸில் இரவு விளக்கின் கீழ் குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கோ, அது முழுச் சம்பளம்.