வறண்ட நாட்டில் வண்டிப் பயணம்

மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். அது நமக்குப் பழகிய செய்தி. ஆனால் மழையே அரிதான பாலைநிலத்திலும் மழைக்கு அஞ்ச வேண்டும் என்றால் நம்புவீர்களா? இன்று நாம் அத்தகைய ஒரு நாட்டையும், அங்கே தன்னந்தனியே வண்டியோட்டிச் செல்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் தெரிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, யூட்டா என்று இரு மாநிலங்கள் இருக்கின்றன. அலோர் ஸ்டாரில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கே பல இடங்களில் 250 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. அந்த நாட்டில் ஆறுகள் பாறையை அறுத்து உண்டாக்கிய ஆழ்ந்த பள்ளத்தாக்குகளைக் 'கேன்யன்' என்பார்கள். கொலராடோ ஆறு அறுத்த கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமுடையது. சில இடங்களில் 1,800 மீட்டருக்கும் மேல் ஆழம். நம் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். அதை அப்படியே தூக்கி அங்கே இறக்கினால் உச்சிகூட வெளியே தெரியாது!

இந்த அழகைக் காண, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய வேனில் பலர் தனியாகவே புறப்படுகிறார்கள். அந்தச் சாலைகளில் பல மைல்களுக்கு ஊரும் இராது, கடையும் இராது. தொலைபேசியும் வேலை செய்யாது. ஆகவே ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிநீராவது கொண்டுபோக வேண்டும். வண்டி பழுதானால் அதை விட்டு நடக்கலாகாது. தேடி வருபவர்களின் கண்ணுக்கு நடந்து செல்லும் மனிதனைவிட வண்டி எளிதில் தென்படும்.

2003ஆம் ஆண்டு ஏரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் யூட்டாவில் வண்டியை நிறுத்திவிட்டுத் தனியே ஒரு பாறை இடுக்கில் இறங்கினார். உருண்ட பாறையொன்று அவர் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறோம் என்று அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் தவித்து, முடிவில் தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டு உயிர் தப்பினார்.

இனி மழைக்கு வருவோம். பள்ளியில் நாங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு இதைக் காட்டுவதுண்டு. புல்தரையில் ஊற்றினால் தண்ணீர் ஊறிவிடும். சிமெண்டுத் தரையில் ஊற்றினால் ஓடிக் கால்வாயில் சேரும். பாலைவனத்துப் பாறைநிலம் அந்தச் சிமெண்டுத் தரையைப் போன்றது. எங்கோ பெய்த மழை முழுவதும் ஒரு குறுகிய இடுக்கில் திரண்டு பாயும். 1997 ஆகஸ்டு 12ஆம் நாள் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இவ்வாறே மாண்டார்கள். பெருமழை பெய்தது அவர்கள் நின்ற இடத்தில் அன்று. பல கிலோமீட்டர் தொலைவில், மேட்டு நிலத்தில். அதனால்தான் வறண்ட ஓடையில் வேனை நிறுத்தி உறங்கக்கூடாது என்கிறார்கள். ஓரடி ஆழமுள்ள ஓடும் நீர் சிறிய காரை இழுத்துச் செல்லும். இரண்டடியானால் வேனுக்கும் அதே கதிதான்.

அது எங்கோ இருக்கும் பாலைவனம் என்று நாம் இருந்துவிடலாமா? ஜெராய் மலையில் காடு இருக்கிறது. மண் நீரை உறிஞ்சுகிறது. ஆனால் அளவுக்கு மீறிக் கொட்டினால் செங்குத்தான சரிவு தாங்காது. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் மண்ணும் பாறையும் மரங்களும் கலந்து வெள்ளம் யான், மெர்போக் பக்கம் இறங்கியது. ஆறு பேர் உயிரிழந்தார்கள். மலாய்க்காரர்கள் இத்தகைய திடீர் வெள்ளத்தைக் 'கெப்பாலா ஆயேர்', அதாவது நீரின் தலை என்கிறார்கள்.

ஆகவே பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அருவிக்கு அழைத்துச் செல்லும்போது, தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பாராதீர்கள், மலையுச்சியையும் பாருங்கள். அங்கே கருமேகம் சூழ்ந்தாலும், நீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் செருப்பையும் சோற்றுப் பாத்திரத்தையும் தேடாமல் உடனே மேட்டில் ஏறிவிடுங்கள். புறப்படுமுன், எந்த இடத்துக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று பக்கத்து வீட்டிலாவது சொல்லிவையுங்கள். குறித்த நேரத்தில் நீங்கள் வராவிட்டால், 999 எண்ணை அழைத்து எங்கே தேடவேண்டும் என்று சொல்ல அவர்களால் முடியும்.