வடிச்ச கஞ்சி ஆறினா ஏன் கெட்டியாகுது? பழைய சோறு சாப்பிட்டா சுகர் ஏறாதா?

தஞ்சாவூர் பக்கம் சோறு வடிக்கிற வீடுகளில் தினமும் நடப்பதுதான். வடிக்கும்போது தண்ணி மாதிரி ஓடும் கஞ்சி, ஆறினதும் கெட்டியாகி ஆடை கட்டிடும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துப்போகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பாலிமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது.

பாலிமர்னா என்ன?

சின்னச் சின்ன மூலக்கூறுகள் மணி கோத்த மாதிரி சேர்ந்த நீளமான சங்கிலி. அரிசி மாவுச்சத்தில் அந்த மணி, குளுக்கோஸ். சங்கிலியில் இரண்டு வகை: நேராக நீளும் அமைலோஸ், மரம் போலக் கிளை விடும் அமைலோபெக்டின்.

பானைக்குள் என்ன நடக்குது?

சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பும். அமைலோஸ் வெளியே கசிந்து கஞ்சியில் கலக்கும். சூடு இருக்கும்வரை சங்கிலிகள் ஆடிக்கொண்டே இருப்பதால் ஒட்டாது. ஆற ஆற, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பு விழும். ஒவ்வொரு பிணைப்பும் பலவீனமானது. ஆனால் வரிசையாக நிறைய விழுந்தால் முடிச்சு இறுகிடும். முடிச்சுகள் சேர்ந்து வலையாகி, தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரொம்ப நீர்த்த கஞ்சியில் வலை உருவாகாது. கட்டிகள் அடியில் படியும்.

அமைலோஸ் சில மணி நேரத்தில் முடிச்சுப் போடும். அமைலோபெக்டினுக்கு நாள்கணக்கு ஆகும்.

புழுங்கல் அரிசியின் ரகசியம்

டெல்டாவின் புழுங்கல் அரிசியிலும் இதே வேலைதான். ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது உமிக்குள்ளேயே மாவுச்சத்து வெந்துவிடுகிறது. உலரும்போது சங்கிலிகள் மறுபடி இறுகுகின்றன. அதனால் அரவையில் குருணை குறையும், சோறும் குழையாது.

சரி, சுகர்?

'பழைய சோறு சாப்பிட்டா சுகர் ஏறாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பாதி உண்மை. இறுகிய முடிச்சுகளைச் செரிமான நொதிகள் எளிதில் உடைக்க முடியாது. ஆனால் அது ஒரு தட்டுச் சோற்றில் சிறு பங்குதான். மீதி குளுக்கோஸாகத்தான் மாறும். சர்க்கரை நோயாளிகள் இதை நம்பி அளவைக் கூட்டவோ, மாத்திரையை நிறுத்தவோ கூடாது.

இன்னொன்று: மிச்சச் சோற்றை அப்படியே மணிக்கணக்கில் வெளியே விடாதீங்க. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகலாம். அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைப்பதே பாதுகாப்பு.