ஆனந்த கிருஷ்ணனும் நம் வீட்டு பில்லும்

டான் ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பர் 28ஆம் தேதி தமது 86ஆவது வயதில் காலமானார். செய்தி வந்த நாளிலிருந்து நம் ஜனங்களிடம் இரண்டு விதமான பேச்சுத்தான். "நம்ம தமிழரு, நாட்டிலேயே ரெண்டாவது பணக்காரரா இருந்தவரு" என்பது ஒன்று. "இருந்து என்னய்யா, நமக்கு என்ன செஞ்சாரு?" என்பது மற்றொன்று.

பாட்டாளித் தோழர்களே! இந்த இரண்டு பேச்சும் நமக்கு நிறைவு தரவில்லை. ஒன்று வெறும் பெருமை, மற்றது வெறும் மனத்தாங்கல். கடைக்காரத் தவுக்கேயிடம் அரைக் கிலோ சீனி கடன் வாங்கினாலும் 555 புத்தகத்தில் எழுதி வைத்துச் சம்பள நாளில் வரி வரியாகக் கணக்குப் பார்ப்பவர்கள் நாம். அதே புத்தகத்தை இவருக்கும் திறந்து பார்த்தால் என்ன? இறந்தவரைப் பற்றிக் குறை பேசலாமா என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். நாம் மனிதரைப் பேச வரவில்லை. அவருடைய கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன. பில்லும் மாதா மாதம் வருகிறது.

அவர் 1938இல் கோலாலம்பூரில் பிறந்தவர். இலங்கைத் தமிழ்க் குடும்பம், தகப்பனார் அரசாங்கக் கிராணி. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய படிப்பு விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகம் என்று வளர்ந்து, 1964இல் ஹார்வர்டில் முடிந்தது. (நம் பீடோங் ஹார்வர்டு தோட்டம் இல்லை, அமெரிக்காவில் இருக்கும் ஹார்வர்டு!) தமிழ்ப்பள்ளி வாங்கில் உட்கார்ந்த ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் போனது சின்ன விஷயமில்லை. அந்தப் பெருமையை நாம் யாருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பணம் வந்த வழியைப் பாருங்கள். எண்ணெய் வியாபாரத்தில் தொடங்கியவர், பிறகு கை வைத்த தொழில்கள் என்னென்ன? நம்பர் சூதாட்டம், கைப்பேசி, செயற்கைக்கோள், தொலைக்காட்சி, மின்சார நிலையம். எல்லாமே அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்தால்தான் நடத்த முடிகிற தொழில்கள். திறமை இருந்தது, துணிச்சல் இருந்தது, மறுப்பதற்கில்லை. அதோடு டாக்டர் மகாதீரின் நட்பும் இருந்தது. கதவைத் திறக்கும் சாவி ஒருவர் கையில் இருக்கும்போது, யாருக்குத் திறந்தார்கள், ஏன் திறந்தார்கள் என்று கேட்க மற்றவர்களுக்கு உரிமை உண்டு. அவர் மேல் வந்த விமர்சனங்களில் மிகவும் வலுவானது இதுதான் என்பது நம் எண்ணம்.

நம்பரை எடுத்துக் கொள்வோம். பான் மலேசியன் பூல்ஸ் என்ற எண் சூதாட்டக் கம்பெனி 2011 வரை அவருடைய டான்ஜோங் நிறுவனத்தின் கையில் இருந்தது. கனவில் பாம்பைக் கண்டால் ஒரு நம்பர், மோட்டார் சைக்கிள் கவிழ்ந்தால் அதன் பிளேட் நம்பர் என்று எத்தனை சம்பளக் காசு அந்தக் கவுன்டர்களில் கரைந்தது என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். கள்ளுக்கடை ஒழிய வேண்டும் என்று தொண்டர் படை கட்டிப் போராடிய ஊர் நம் பீடோங் வட்டாரம். நம்பர் கடைக்கு முன்னால் அப்படி ஒரு படை எழும்பவில்லை.

அடுத்தது ஆஸ்ட்ரோ. 1996 ஜனவரியில் மியாசாட்-1 செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது; அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியது. அதற்கு முன் நமக்கு என்ன இருந்தது? ஆர்.டி.எம்.மில் தமிழுக்கென ஒதுக்கிய கொஞ்ச நேரமும் வாரம் ஒரு தமிழ்ப்படமும்தான். வானவில் அலைவரிசை வந்தபோது லயத்துக் கூரைகளில் தட்டு முளைத்தது. பொழுது முழுக்கத் தமிழ் கேட்க முடிந்தது. உள்ளூர்க் கலைஞர்களுக்கும் வேலை கிடைத்தது. நன்மையை நன்மை என்றுதான் எழுத வேண்டும்.

குறை எங்கே? மழையில்! ஆஸ்ட்ரோ அனுப்பும் அலை கே.யு. பேண்ட் என்ற வகை. அதன் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். அலை சிறியதாக இருப்பதால்தான் கூரையில் இரண்டடித் தட்டே போதுமானதாக இருக்கிறது. பழைய வகை அலைக்குப் பெரிய பெரிய தட்டுகள் வேண்டும். ஆனால் இந்தச் சின்ன அலையை மழைத்துளி விழுங்கிவிடும். 36,000 கிலோமீட்டர் தாண்டி வந்த படம் கடைசிச் சில கிலோமீட்டர் மழையில் செத்துப்போகிறது. மழை கொட்டும் நாட்டில் இதைக் கொண்டு வந்தது துணிச்சலான காரியம் என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பாராட்டலாம். பால்மரம் வெட்டுகிறவன் கண்ணால் பாருங்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலிக்கு மண். வீட்டில் குந்தி டிவி பார்க்கக் கிடைத்த ஒரே பகல் அதுதான், அந்தப் பகலில்தான் படமும் போய்விடும்! மழை நாள் கூலி குறைந்தது. ஆஸ்ட்ரோ பில் குறையவில்லை.

ஏன் வேறு கடைக்குப் போகவில்லை என்று கேட்கலாம். வேறு கடை இல்லை. செயற்கைக்கோள் வழியாக வீட்டுக்கு நேரே ஒளிபரப்பும் தனியுரிமையை அரசாங்கம் 2017 வரை ஆஸ்ட்ரோவுக்கே கொடுத்திருந்தது. கட்டணம் ஏறியபோதும், போட்ட படத்தையே திரும்பத் திரும்பப் போட்டபோதும், ஜனங்கள் முணுமுணுத்தார்கள், கட்டினார்கள். தோட்டத்துக்குள் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்த காலத்தில் தவுக்கே வைத்ததுதான் விலை என்று இருந்தோமே, அதே கதைதான்! கைப்பேசித் தொழிலில் அப்படி இல்லை. 1995இல் சேவையைத் தொடங்கிய மேக்சிஸுக்கு செல்காம், டிஜி என்று போட்டி இருந்தது. பிடிக்காதவன் சிம் கார்டை மாற்றிக் கொண்டான். போட்டி வந்த பிறகு ஆஸ்ட்ரோவின் சந்தாதாரர்களும் குறையத்தான் செய்தார்கள்.

மின்சார நிலையங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012இல் டான்ஜோங்கின் மின் நிலையங்களை 1எம்டிபி நிறுவனம் 850 கோடி வெள்ளிக்கு வாங்கியது. விலை அதிகம் என்று எதிர்க்கட்சியினர் கேள்வி எழுப்பினார்கள். விற்றவர் நல்ல விலைக்கு விற்றார். வாங்கியதோ அரசாங்கக் கம்பெனி. அதன் கடன் பொதுமக்கள் தலையில்தான் வந்து விழுந்தது.

கடல் தாண்டிய கதை ஏர்செல். 2006இல் சென்னை சிவசங்கரனிடமிருந்து ஏர்செல் கம்பெனியின் 74 விழுக்காட்டுப் பங்கை மேக்சிஸ் வாங்கியது. அப்போது இந்தியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த தயாநிதி மாறன் தமக்கு லைசென்ஸ் தராமல் இழுத்தடித்து, மேக்சிஸுக்கு விற்கும்படி நெருக்கினார் என்று பிற்பாடு சிவசங்கரன் புகார் கொடுத்தார். மாறன் குடும்பத்தின் சன் டைரக்டில் ஆஸ்ட்ரோ பணம் போட்டது இதற்குக் கைம்மாறு என்று சி.பி.ஐ. 2014இல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. எல்லாரும் மறுத்தார்கள். 2017 பிப்ரவரியில் டில்லி தனி நீதிமன்றம், குற்றம் சாட்ட முகாந்திரம் இல்லை என்று மாறன் சகோதரர்களை விடுவித்தது. ஆனந்த கிருஷ்ணன் அந்தக் கோர்ட்டில் நேரில் நிற்கவே இல்லை. அதனால் அவர் பங்கு வழக்கைத் தனியாகப் பிரித்து வைத்தார்கள். குற்றம் செய்தார் என்று நாம் எழுதமாட்டோம், எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றமே வரச்சொல்லி 2017 ஜனவரியில் எச்சரித்த பிறகும் வராமல் இருந்தது சரியா? தோட்டத்தில் ஒரு சின்னத் தகராறு என்றாலே ஆபீசு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் நாம்.

ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலானது. சுமார் 700 கோடி அமெரிக்க டாலர் அதில் கரைந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. தமிழ்நாட்டில் திடீரென்று லைன் அறுந்து, லட்சக்கணக்கானோர் வேறு கம்பெனிக்கு மாறக் கடைகளின் முன் வரிசை பிடித்தார்கள். அவ்வளவையும் தொலைத்த பிறகும் இறக்கும்போது அவர் சொத்து 500 கோடி டாலருக்கு மேல் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்குச் சொன்னது.

"நமக்கு என்ன செஞ்சாரு?" என்ற பேச்சுக்கு வருவோம். அவர் தானதர்மம் செய்யாதவர் இல்லை. உபகாரச் சம்பளங்களும் கொடுத்தார். விளம்பரம்தான் பிடிக்காது, பேட்டியும் கொடுக்கமாட்டார். தமிழர் என்பதற்காகத் தமிழருக்கு அள்ளிக் கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு ஏற்புடையதாகப் படவில்லை. கை நீட்டி நிற்பவனுக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். காசு கொடுத்து வாங்கியவன் கணக்குக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாம் இரண்டாவது ரகம்.

அதற்கும் மேலே ஒன்று. மேக்சிஸின் பெரிய பங்குதாரர்களில் நம் ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்று. சம்பளத்தில் மாதம் 11 விழுக்காடு பிடித்துக் கொள்கிறார்களே, அந்தப் பணத்தில் ஒரு துளி அந்தக் கம்பெனியில் இருக்கிறது. எந்தெந்தக் கம்பெனிகளில் பெரிய அளவில் பங்கு வைத்திருக்கிறது என்ற பட்டியலை வாரியமே வெளியிடுகிறது. கைப்பேசியிலேயே பார்க்கலாம், வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.